கறுப்புத் திரையில் ஒரு வரி

மாதம் 18-ம் தேதி, மாலை ஆறரை மணி. புனேயின் தென்கிழக்கே கோந்த்வாவில், என்.ஐ.பி.எம். சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. மூன்றாவது மாடி வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு தமிழ்ப் பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். திரை முழுக்கக் கறுப்பு. மேலே இடது மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: பூட் செய்ய ஏற்ற சாதனம் எதுவும் இல்லை, சரியான டிஸ்கைச் செருகிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தவும். அவரும் பதினைந்து முறை அழுத்திவிட்டார். அதே வரிதான் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுகிறது.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் பதினான்கு கடைகளின் கணக்கு இருக்கிறது. மளிகை, ஹார்டுவேர், இரண்டு பேக்கரி, ஒரு மருந்துக் கடை என்று எல்லாம் டாலியில். 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி போயாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு கடைக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டவேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பணத்தைவிட மோசம், கடைக்காரர்கள் முகத்தில் விழிப்பது. வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் ஒருவருக்கு நம்பிக்கைதான் முதல்.

இந்தப் பெண்மணி ஒருவர் அல்ல, பலர். டிஸ்க் மாற்றிய அன்று பல வீடுகளில் நடப்பதை ஒரு வீட்டில் வைத்துச் சொல்வது வசதி என்பதால் அவர் கோந்த்வாவில் குடிவைக்கப்பட்டிருக்கிறார். பொருத்தமான பேட்டைதான். ரிசர்வ் வங்கியின் முயற்சியால் 1969-ல் உருவான தேசிய வங்கி மேலாண்மைக் கழகம் இங்கேதான் இருக்கிறது. அந்தச் சாலைக்கு என்.ஐ.பி.எம். என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

கம்ப்யூட்டருக்கு வயது பத்துக்கு மேல். 2015-ல் வாங்கும்போது விண்டோஸ் 8 உரிமத்தோடு வந்தது. விண்டோஸ் 8 யாருக்கும் பிடிக்காத காலம் அது. விற்ற கடையிலேயே விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்தார்கள். பிறகு இலவசமாகக் கிடைத்தபோது அதன் மேலேயே விண்டோஸ் 10 ஏறியது. இந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும் என்கிறது. 2015-ன் கம்ப்யூட்டரில் அதற்கு எங்கே போவது? புதிய கம்ப்யூட்டர் வாங்கும்வரை பழையதைக் கொஞ்சம் ஓடவைப்போம் என்று நினைப்பவர்கள் செய்யும் வேலை ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது.

யோசனையில் தவறில்லை. ஹார்ட் டிஸ்குக்குள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு கை அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. ஒரு தேடலுக்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். கேட்பதற்குக் கொஞ்சம்தான், விண்டோஸ் திறப்பதற்குள் பல்லாயிரம் தேடல்கள். காலையில் ஸ்விட்ச் போட்டுவிட்டுப் பால் காய்ச்சி, ஃபில்டர் காபி கலந்து குடித்து முடித்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடிய வைத்தியங்களில் இதைவிட உடனே குணம் தெரிவது வேறு இல்லை.

கடையிலிருந்து வந்த பையன் எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தான். புதிய எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. வழியாக இணைத்து, பழைய டிஸ்கை அப்படியே நகல் எடுத்தான். இரண்டு மணி நேரம். நூறு சதவீதம் முடிந்தது என்று திரை சொன்னது. கம்ப்யூட்டரை அணைத்து, மின்சார வயரைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, பழையதை எடுத்துப் புதியதை மாட்டினான். ஸ்விட்ச் போட்டால் கறுப்புத் திரை. சரி என்று பழைய டிஸ்கையே திரும்ப மாட்டினான். அப்போதும் அதே வரி.

அவன் முகம் மாறியது. "தாயி, பழைய டிஸ்கும் போயிடுச்சு. ஃபார்மட் பண்ணி விண்டோஸ் புதுசா போட்டுடலாம்" என்றான் இந்தியில். மராத்தியில் தாயி என்றால் அக்கா. தமிழ்க் காதுக்கு வேறு மாதிரி விழும். அவன் தாயி என்றபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கு வா தம்பி என்று அனுப்பிவிட்டுத் தாம்பரத்தில் இருக்கும் சொந்தத் தம்பிக்கு போன் போட்டார்.

"அக்கா, ஃபார்மட் மட்டும் பண்ண விடாதே. பழைய டிஸ்க் எங்கே?"

"இப்ப அதைத்தான்டா மாட்டியிருக்கான். அதைப் போட்டாலும் இதே வரிதான் வருது."

"ரெண்டு டிஸ்கும் ஒரே சாயங்காலத்துல சாகாது. முதல்ல வயரைப் பிடுங்கு. பழசைக் கழற்றித் துணியில சுத்தி பீரோவுல வை. இனிமே அது பக்கமே போகாதே. புதுசை மாட்டு, மத்ததைப் பேசலாம்."

இந்த ஒரு நிமிடப் பேச்சில் பாதி வைத்தியம் முடிந்துவிட்டது. இரண்டு டிஸ்கும் ஒரே மாதிரி அடம் பிடிக்கிறது என்றால் கோளாறு இரண்டிலும் இல்லை, வெளியே எங்கோ இருக்கிறது. டிஸ்க் மாற்றியதும் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் கணக்கும் கடிதமும் போட்டோவும் அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை. பெரும்பாலான சமயங்களில் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். வாசல் மட்டும் திறக்காது. உண்மையான இழப்பு அதற்குப் பிறகுதான் நேர்கிறது, பதற்றத்தில் யாராவது செய்யும் காரியத்தால்.

அந்தக் காரியங்களில் முதலிடம் ஃபார்மட்டுக்கு. சுற்றும் டிஸ்கில் அவசரமாக ஃபார்மட் செய்தாலும் உள்ளே பழைய தகவல் பெரும்பாலும் தங்கியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் மீட்டுவிடுவார்கள். எஸ்.எஸ்.டி.யில் அந்த அதிர்ஷ்டம் குறைவு. ஃபார்மட் செய்ததும், இந்த இடங்கள் எல்லாம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிஸ்குக்குச் சொல்லிவிடுகிறது. டிரிம் என்று இதற்குப் பெயர். டிஸ்க் சமர்த்தாக, தன் ஓய்வு நேரத்தில் அந்த இடங்களைத் துடைத்து வைத்துக்கொள்கிறது. பிறகு எந்த நிபுணரிடம் கொண்டுபோனாலும் கையை விரிப்பார். அதனால்தான் தம்பி பழைய டிஸ்கைப் பீரோவுக்கு அனுப்பினார். மூலம் பத்திரமாக இருக்கும்வரை நகலை வைத்து என்ன சோதனையும் செய்யலாம்.

நகல் எடுக்கும்போதே கவிழ்ந்தவர்களும் உண்டு. எதிலிருந்து எதற்கு என்று புரோகிராம் கேட்கும். இரண்டு டிஸ்குக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயர். மாற்றிச் சொல்லிவிட்டால், காலி டிஸ்கை நிறைந்த டிஸ்கின் மேல் அச்சாக எழுதிவிடும்; ஒரு குறையும் இல்லாமல். இந்தப் பையன் அதில் தவறவில்லை.

ஸ்விட்ச் போட்டதும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும். கம்ப்யூட்டருக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் சிப்பில் உள்ள சிறிய புரோகிராம் எழுந்து, கைகால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. இதை பயோஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோர் பலர். பிறகு டிஸ்கைத் தேடிப் போய், அதன் தலைப்பில் இருக்கும் ஒரு துண்டுச் சீட்டைப் படிக்கிறது. அந்தச் சீட்டு, விண்டோஸ் இருக்கும் இடத்தைக் கைகாட்டுகிறது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் அஞ்சலோட்டம்.

அந்தத் துண்டுச் சீட்டின் அளவு 512 பைட். எம்.பி.ஆர். எனப்படும் இது 1983-ல் டாஸ் 2.0 வந்தபோது வந்தது. 446 பைட்டில் ஒரு குட்டிப் புரோகிராம். 64 பைட்டில் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல், நான்கு பிரிவுகளுக்கு மட்டும் இடம். கடைசி இரண்டு பைட் கையெழுத்து. கையெழுத்து இல்லாவிட்டால் டிஸ்கை ஏறெடுத்தும் பார்க்காது பயோஸ். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்தில் டிஸ்க் மாற்றியவர்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி இந்த 512 பைட்டைச் சுற்றியதுதான்.

1990-களின் தொடக்கத்தில் டிஸ்க் வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெரிய டிஸ்க் வாங்கி மாட்டினால் கம்ப்யூட்டர் 528 மெகாபைட்டுக்கு மேல் கண்ணை மூடிக்கொள்ளும். பயோஸ் ஒரு முறையில் எண்ணும், டிஸ்க் இன்னொரு முறையில் எண்ணும். இரண்டுக்கும் பொதுவாகத் தேறியது 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பெருக்கினால் 528 மெகாபைட்தான் வரும். இதைத் தாண்ட ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற புரோகிராம்கள் வந்தன. அவை அந்தத் துண்டுச் சீட்டிலேயே தங்களை எழுதிவைத்துக்கொண்டு பயோஸை ஏமாற்றும். வேலை நடக்கும். ஆனால் விவரம் தெரியாத ஒருவர் வந்து, எம்.பி.ஆரைச் சரிசெய்கிறேன் என்று புதிதாக எழுதினால் டிஸ்க் முழுவதும் காணாமல் போனதுபோல் ஆகிவிடும். சரிசெய்வதுதான் உடைப்பது என்ற விசித்திரம் அன்றே தொடங்கிவிட்டது.

பிறகு 8.4 ஜிகாபைட்டில் ஒரு சுவர், 1999 வாக்கில் சில பயோஸ்களில் 33.8 ஜிகாபைட்டில் இன்னொன்று. எல்லாவற்றிலும் பொல்லாதது 137 ஜிகாபைட் சுவர். முகவரி எழுத 28 பிட் மட்டுமே இருந்ததால் வந்த எல்லை. விண்டோஸ் எக்ஸ்.பி. 2001-ல் வந்தபோது இதைத் தாண்டத் தெரியாது. 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக் கற்றுக்கொடுத்தது. மற்ற சுவர்களில் முட்டினால் பெரும்பாலும் டிஸ்கின் மிச்சப் பகுதி தெரியாமல் போகும். இங்கே, விண்டோஸுக்குத் தாண்டத் தெரியாத கம்ப்யூட்டரில் பெரிய டிஸ்கை மாட்டி நிரப்பிக்கொண்டே போனால், எல்லையைத் தாண்டி எழுதவேண்டியது சுற்றிவந்து டிஸ்கின் ஆரம்பத்தில் எழுதப்பட்டுவிடும். அந்தத் துண்டுச் சீட்டின் மேலேயே. மாதக்கணக்கில் நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் ஒரு காலையில் எழுந்திருக்காது. காரணம் டிஸ்க் மாற்றிய நாளில் இருக்கும். யாருக்கும் நினைவு வராது.

வைரஸ்களும் இந்த இடத்தைத்தான் குறிவைத்தன. 1986-ல் லாகூரில் பிறந்த பிரெய்ன், ஃப்ளாப்பியின் முதல் செக்டரில் குடியேறியது. 1992-ல் உலகத்தையே மிரட்டிய மைக்கேலேஞ்சலோ, மார்ச் 6-ம் தேதி ஸ்விட்ச் போட்டால் டிஸ்கின் ஆரம்பப் பகுதியை அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. இதில் புனேவுக்கும் ஒரு பங்கு உண்டு. கால்குலேட்டர் ரிப்பேரில் தொடங்கிக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர் கைலாஷ் காட்கர். ரிப்பேருக்கு வரும் மெஷின்களில் வைரஸ் தொல்லை அதிகமாக இருப்பதைப் பார்த்தார். தம்பி சஞ்சய் காட்கர் அதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். 1990-களின் நடுவில் விற்பனைக்கு வந்த அதுதான் குவிக் ஹீல். ஒரு ரிப்பேர் மேஜையிலிருந்து புறப்பட்ட கம்பெனி 2016-ல் பங்குச் சந்தைக்குப் போனது. வந்த மெஷின்களையெல்லாம் ஃபார்மட் செய்து அனுப்பியிருந்தால் போயிருக்குமா என்பது வேறு விஷயம்.

எம்.பி.ஆரின் கடைசிச் சுவர் 2.2 டெராபைட். அதற்குமேல் அதன் பட்டியலில் எண் எழுத இடமில்லை. அதற்குள் புதிய ஏற்பாடு தயாராகிவிட்டது. இன்டெல் 1990-களின் கடைசியில் தன் இடானியம் கம்ப்யூட்டர்களுக்காகத் தொடங்கியது. 2005 முதல் பல கம்பெனிகள் சேர்ந்து நடத்துகின்றன. பெயர் யூ.இ.எஃப்.ஐ. இது துண்டுச் சீட்டைப் படிப்பதில்லை. டிஸ்கில் தனியாக ஒரு சிறு பிரிவு இருக்கிறதா, அதில் தனக்கான ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். டிஸ்கைப் பிரிக்கும் முறைக்கும் புதுப் பெயர், ஜி.பி.டி.

பழைய காவலாளிக்கு வாசலில் ஒட்டிய சீட்டு வேண்டும். புதிய காவலாளிக்கு ஆபீஸ் அறையில் இருக்கும் ரிஜிஸ்டர் வேண்டும். ஒருவருடைய அத்தாட்சி மற்றவருக்குச் செல்லாது. இரண்டுக்கும் நடுவே வந்த கம்ப்யூட்டர்களில் இரண்டு காவலாளிகளும் உண்டு. பயோஸில் ஓர் அமைப்பை மாற்றினால் லெகசி, அதாவது பழையவர். இன்னொரு பக்கம் மாற்றினால் புதியவர். டிஸ்க் மாற்றிய வீடுகளில் நடக்கும் கலாட்டாவில் கணிசமான பகுதி, எந்தக் காவலாளி பணியில் இருக்கிறார் என்று பார்க்காததால் வருவது.

திரையில் என்ன தெரிகிறது என்பதைக் கவனித்தாலே எங்கே அறுந்தது என்று பெரும்பாலும் புரிந்துவிடும். பயோஸ் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால் அங்கே புதிய டிஸ்கின் பெயரே இல்லை என்றால், விஷயம் வெறும் இணைப்புக் கோளாறு. மின் இணைப்பு தளர்ந்திருக்கும், அல்லது கேபிள். குச்சி மாதிரி இருக்கும் எம்.2 எஸ்.எஸ்.டி. என்றால் கூடுதலாக ஒரு சந்தேகம் வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இரண்டு ஜாதி உண்டு, சாட்டா ஒன்று, என்.வி.எம்.இ. ஒன்று. ஒரே பள்ளத்தில் இரண்டும் உட்காரும். ஆனால் பள்ளம் ஒரு ஜாதியை மட்டும் ஏற்பதாக இருந்தால் மற்றது கண்ணுக்கே தெரியாது. சில போர்டுகளில் அந்தப் பள்ளத்தை நிரப்பினால் பக்கத்தில் ஒரு சாட்டா இணைப்பு வேலைநிறுத்தம் செய்யும். கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். யார் படிக்கிறார்கள்?

பெயர் தெரிகிறது, ஆனாலும் பூட் சாதனம் இல்லை என்கிறது: அப்போது வரிசை தவறாக இருக்கலாம், காவலாளி மாறியிருக்கலாம், அல்லது நகல் எடுத்தவர் சி டிரைவை மட்டும் எடுத்துவிட்டு, அந்தச் சிறு பிரிவை விட்டிருக்கலாம். நூறு மெகாபைட் அளவில் இருப்பதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிடுவது வழக்கம். இன்னொன்றும் உண்டு. பழைய டிஸ்கையும் புதிய டிஸ்கையும் ஒன்றாக மாட்டிவிட்டு முதல் முறை ஸ்விட்ச் போடுவது. நகல் என்பதால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண். விண்டோஸ் குழம்பும், பழையதிலிருந்தே எழுந்து, புதியதை ஓரம்கட்டிவிடும். புதியதிலிருந்துதான் ஓடுகிறது என்று நம்பிப் பழையதை அழித்தவர்கள் உண்டு.

விண்டோஸ் எழ ஆரம்பித்துப் பாதியில் நீலத் திரை வந்து, பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்றால் கதை வேறு. துண்டுச் சீட்டு வேலை செய்துவிட்டது. அஞ்சலோட்டம் நடுவில் நிற்கிறது. டிஸ்கோடு பேசும் முறை மாறியிருக்கிறது என்று பொருள். பயோஸில் சாட்டா என்ற தலைப்பில் ஏ.எச்.சி.ஐ., ரெய்டு என்று இரண்டு இருக்கும். முன்பு எது இருந்ததோ அதற்கே திருப்பினால் பெரும்பாலும் எழுந்துவிடும். 2020-க்குப் பிந்தைய பல இன்டெல் லேப்டாப்களில் இந்த இடத்தில் வி.எம்.டி. என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது; புதிதாக விண்டோஸ் போட முனைந்தால் டிஸ்கே இல்லை என்று சாதிக்கும்.

வயிற்றைக் கலக்குவது நீல நிறத்தில் 48 இலக்க எண் கேட்கும் திரை. பிட்லாக்கர். டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டு, சாவி டி.பி.எம். சிப்பிடம் இருக்கிறது. பயோஸில் எதையாவது மாற்றினால், யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று சிப் சாவியைத் தர மறுக்கிறது. பூட்டியது யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் பல கம்ப்யூட்டர்களில் அது தானாகவே பூட்டிக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் சாவி அங்கே இருக்கும். வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ அந்தக் கணக்கைத் திறந்து எடுக்கலாம். அங்கும் இல்லை, தாளிலும் எழுதிவைக்கவில்லை என்றால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. லேப்டாப்பின் டிஸ்கை மாற்றப் போகிறவர்கள் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன் இந்த எண்ணைத் தேடுவது உத்தமம். நகல் எடுக்கும் முன் பூட்டைத் திறந்துவிட்டால் இன்னும் நல்லது.

கோந்த்வாப் பெண்மணிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் கம்ப்யூட்டரின் வயதுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. தம்பி சொன்னபடி பழைய டிஸ்கைப் பீரோவில் வைத்து, புதியதை அவரே மாட்டி, ஸ்விட்ச் போட்டு எஃப்2-வைத் தட்டித் தட்டி பயோஸ் பக்கத்துக்குள் போய்விட்டார்.

"எதையும் மாத்தாதே அக்கா. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு."

ஐந்து படங்கள் போயின. சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

"புது டிஸ்க் பேர் தெரியுது. நல்லது. இங்கே தேதியைப் பார்த்தியா?"

"2015 ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கு. அது ரெண்டு மாசமாவே கரன்ட் போயிட்டு வந்தா தேதி தப்பாத்தான்டா காட்டும். நான் மாத்திக்குவேன்."

"அங்கேதான் இருக்கு விஷயம்."

கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையில் எட்டணாக் காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டு. சி.ஆர்.2032 என்று பெயர். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. பழைய போர்டுகள் பலவற்றில், பயோஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதுதான். சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். சுவரில் வயர் செருகியிருக்கும்வரை அதன் சாவு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் சுவரிலிருந்து வரும் மின்சாரம் கடிகாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. பையன் வயரைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்து தூசி தட்டிய அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. முன்பு கரன்ட் போன சமயங்களில் கடிகாரம் மட்டும் பிசகியது. இம்முறை பேட்டரி மிச்சமிருந்த நினைவையும் கைவிட்டது. பயோஸ் எல்லாவற்றையும் மறந்து, ஃபாக்டரியிலிருந்து வந்த நாளின் அமைப்புக்குத் திரும்பியது. விண்டோஸ் 8-க்காக வடிவமைத்த கம்ப்யூட்டர் அது; அதன் பிறவி அமைப்பு யூ.இ.எஃப்.ஐ. 2015-ல் விண்டோஸ் 7 போட்டுக்கொடுத்த கடைக்காரர் அதை லெகசிக்கு மாற்றிவைத்திருந்தார். அந்த மாற்றம்தான் மறந்துபோனது.

ஆக, பழைய டிஸ்கிலும் சீட்டு இருந்தது. புதிய டிஸ்கிலும் அதே சீட்டு நகலாக இருந்தது. வாசலில் நின்ற காவலாளி சீட்டைப் பார்க்கிற ஆள் இல்லை. எஸ்.எஸ்.டி.க்கு இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தூசி தட்ட மட்டும் வயரைப் பிடுங்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இதே நிலையில் ஃபார்மட் செய்து விண்டோஸ் புதிதாகப் போட்டிருந்தால், அது யூ.இ.எஃப்.ஐ. முறையில் அழகாக ஏறி உட்கார்ந்து ஓடியிருக்கும். வைத்தியம் பலித்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். பதினான்கு கடைக் கணக்கு மட்டும் போயிருக்கும்.

செக்யூர் பூட் என்பதை நிறுத்தி, பூட் முறையை லெகசிக்கு மாற்றி, சேமித்து வெளியே வந்தார். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு விண்டோஸின் நீலச் சதுரங்கள் நான்கும் வந்தன. காபி போட நேரம் இல்லை. அரை நிமிடத்துக்குள் முகப்பு தெரிந்தது. டாலியைத் திறந்தார். பதினான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இதை நிரந்தரமா யூ.இ.எஃப்.ஐ.க்கே மாத்த ஒரு புரோகிராம் இருக்கு அக்கா, 2017-லேர்ந்து விண்டோஸோடவே வருது. ஆனா இப்ப வேணாம். 20-ம் தேதி தாண்டட்டும்."

இன்னும் ஒரு திடுக்கிடல் பாக்கி இருந்தது. ஜி.எஸ்.டி. தளத்தைத் திறந்தால், இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பு எழுத்தில் பிரவுசர் எச்சரித்தது. ஹேக் ஆகிவிட்டதோ என்று மறுபடி நெஞ்சு அடித்துக்கொண்டது. கடிகாரம் இன்னும் 2015-ல் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். தளத்தின் பாதுகாப்புச் சான்று அந்தத் தேதியில் பிறக்கவே இல்லை. தேதியைச் சரிசெய்ததும் கதவு திறந்தது. இரவு பத்து மணிக்குள் நான்கு கடைகளை முடித்துவிட்டார்.

மறுநாள் காலை பையன் விண்டோஸ் போடும் பென் டிரைவோடு வந்தான். கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்து அவனுக்குப் பாதி சந்தோஷம், பாதி வெட்கம். பேட்டரி வேண்டும் என்று அவர் சொன்னதும், "அது வாட்ச் கடையிலேயே கிடைக்கும் தாயி" என்று கீழே இறங்கிப் போய் வாங்கிவந்தான். மாற்றுவதற்கு முன் பயோஸ் பக்கங்களின் போட்டோவை அவனிடம் காட்டினார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வைத்தான். பழைய டிஸ்கை எடுத்துக்கொண்டு போகட்டுமா, எக்ஸ்சேஞ்சில் ஏதாவது தருவார்கள் என்று கேட்டான்.

அது பீரோவில் புடவைகளுக்கு நடுவே, துணியில் சுற்றித் தேதி எழுதிய சீட்டோடு இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்றார்.